வாரச் சந்தையும் பெருங்கடை வளாகமும்

ஊர்ச் சந்தைகளின் காலம் முடிந்துவிட்டது என்னும் பேச்சு இப்பொழுது கிராமத்துத் திண்ணைகளிலும் ஊராட்சிக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகின்றது. பட்டணத்து ஜனங்கள் 'மால்' என வழங்கும் பெருங்கடை வளாகங்களுக்கும் குளிரூட்டிய பலசரக்குக் கடைகளுக்கும் போகத் தலைப்பட்டுவிட்டனராம். இனித் தெருவோரம் சாக்கு விரித்து விற்கும் கத்திரிக்காயை வாங்குவார் எவருமிலராம். ஆகவே சந்தைத் திடலை வேறு கட்டடங்களுக்கு ஒதுக்கிவிட்டு, குடியானவர் தம் விளைபொருளைப் பெருங்கடைகளுக்கே அனுப்பிவிடலாமாம். நிலமும் நீரும் வாய்த்த பெருங்குடியினரே இவ்வாறு பேசுவதால், இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும். இக்கூற்றில் பாதி மெய். மறுபாதியோ, அதனை நம்பி நடப்பவருக்குப் பெருநஷ்டம் விளைக்கக் கூடியது.

ஒரே நகரில் இருவேறு அங்காடிகள் இருப்பது தமிழருக்குப் புதிதன்று. பகலிற் கூடும் நாளங்காடியும் இரவிற் கூடும் அல்லங்காடியும் பழைய மதுரையில் இருந்த செய்தியை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. எனினும் இன்றைய மால் அவ்விரண்டையும் ஒத்ததன்று. சென்னை அண்ணா சாலையில் பழைய ஸ்பென்ஸர் கட்டடம் தீக்கிரையான பின், அவ்விடத்தில் 1991இல் ஸ்பென்ஸர் பிளாசா எழுந்தது. 2010இல் இராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டியும் திறக்கப்பட்டன. இவற்றுள் நுழைந்து பார்ப்போர் முதலிற் காண்பவை துணிக்கடை, செருப்புக்கடை, கைபேசிக் கடை, சினிமாக் கொட்டகை, சிற்றுண்டிச் சாலை ஆகியவையே. காய்கறிக்கு ஒதுக்கிய இடம், இருக்குமாயின், கீழ்த்தளத்தில் ஒரு மூலை. ஆகவே மாலுக்குப் போகும் குடும்பம் வெண்டைக்காய் வாங்குவதற்காகப் போவதன்று. வெயிற்காலத்தில் குளிர்ச்சி நாடியும், குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டவும், படம் பார்க்கவும், அதனோடு சில சாமான் வாங்கவும் போகின்றது. திருவிழாக் கடைகளைச் சுற்றிவரும் நாட்டம் என்றே இதனைக் கொள்ள வேண்டும். அன்றாடச் சமையலுக்குரிய கொள்முதலில் சந்தையோடு உண்மையாகப் போட்டியிடுவது மால் அன்று. மாலுக்குள்ளும் வெளியிலும் தெருவுக்குத் தெரு தோன்றியுள்ள குளிரூட்டிய பலசரக்குக் கடையே. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மலைப்பதே முதற் பிழை.

அக்கடைகளை ஜனங்கள் விரும்புவதற்குத் தக்க காரணங்கள் இல்லாமலில்லை. அவற்றை மறைப்பது சந்தைக்கு நன்மை செய்வதாகாது. அங்கே தரை சேறாயிராது. மழை பெய்தாலும் நனைய வேண்டுவதில்லை. ஒவ்வொரு பொருளின்மேலும் எடையும் விலையும் எழுதியிருக்கும். யாரோடும் வாதாட வேண்டாம். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு விளக்கு வெளிச்சத்தில், எவரும் இடிக்காத இடத்தில், தானே பொறுக்கி எடுத்துக்கொள்ளும் சௌகரியம் உண்டு. வண்டி நிறுத்த இடமுண்டு. எல்லாவற்றினும் முக்கியமானது, வெளியே சொல்லக் கூசுவது, கழிப்பறை. நாள் முழுதும் ஆயிரக்கணக்கான பெண்கள் விற்கவும் வாங்கவும் கூடும் சந்தைத் திடல்கள் பலவற்றில் அவர்களுக்கென்று ஒரு மறைவிடமும் இல்லாமை அனைவரும் அறிந்ததே. கீரை விற்கும் மூதாட்டி காலையிலிருந்து தண்ணீர் குடியாமல் உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுவன்றி வேறில்லை. இத்தகைய இடத்தை விட்டு வாங்குவோர் விலகினால், அவர்கள் சந்தையை வெறுத்தார்கள் என்று கொள்வது சரியன்று.

இனி, அதே ஜனங்கள் தெருச் சந்தையை விடாமைக்கும் காரணங்கள் உண்டு. காய்கறியைக் கையால் தொட்டு, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் வழக்கம் எளிதில் மாறுவதன்று. காலையிற் பறித்தது மாலையில் அடுப்பேறும் வேகம் சந்தைக்கே உரியது. தக்காளியின் செய்தியை இங்கே குறிப்பிடலாம். ஏறக்குறைய 10 பாகைச் செல்சியசுக்குக் கீழே குளிரில் வைத்த தக்காளி சரிவரப் பழுப்பதில்லை, மணமும் குன்றும். குளிர்ப்பெட்டியில் அழகாக அடுக்கிய பழத்தினும் தெருவில் குவித்த பழமே குழம்புக்குச் சுவையாயிருப்பதாக வீட்டுப் பெண்கள் கூறுவது வெறும் பழக்கத்தால் வந்த பேச்சன்று.

சிறிதளவாக வாங்கும் வசதியும் சந்தைக்கே உரியது. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கூறு கட்டி வைத்திருப்பதை அன்றாடக் கூலிக்காரர் வாங்கிப் போகலாம். கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறாகக் கிடைக்கும். வாடிக்கைக்காரருக்கு ஒரு வாரக் கடனும் உண்டு. கைபேசி வாயிலாகப் பணம் செலுத்தும் முறை 2016இல் தொடங்கி, இன்று தள்ளுவண்டியிலும் அதற்குரிய கட்டம் போட்ட அட்டை தொங்குகின்றது. சில்லறை இல்லை என்ற குறையும் இவ்வாறு பெரிதும் நீங்கிற்று.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. மாலில் எழுதிய விலையை வாய் திறவாமற் கொடுத்துவிட்டு வரும் கனவான், கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்பதைப் பலரும் ஏளனமாகப் பேசுகின்றனர். ஏளனம் நியாயமே. ஆயினும் மனிதர் பேரம் பேசுவது பெரும்பாலும் விலை இன்னதென்று தெரியாத இடத்தில்தான். விலைப் பலகை வைத்த இடத்தில் அதே கனவான் பேசாமல் வாங்கிப் போவதைக் காணலாம். சந்தையில் விலை எழுதி வைப்பதால் விற்பவருக்கு நஷ்டம் வரும் என்று அஞ்சுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஜனங்கள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒரு சாரார் மாலுக்கும் மற்றொரு சாரார் சந்தைக்கும் போவதாக எண்ணுவதும் தவறு. பெரும்பாலான குடும்பங்கள் அரிசி, எண்ணெய், சோப்பு முதலியவற்றைக் கடையிலும், காய், கீரை, பூ, மீன் ஆகியவற்றைத் தெருவிலும் வாங்குகின்றன. ஒரே கையில் இரண்டு பை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் பைகள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டு, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பின், அந்தப் பைகளில் ஒன்று மஞ்சள் நிறமாகவும் இருத்தல் கூடும்.

வாங்குவோர் எங்கே போவார், எங்கே போகமாட்டார் என்பதற்குச் சென்னையிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் பாடமாக உள்ளன. தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை 2013இல் அதே சாலையிலுள்ள பல மாடிக் கட்டடத்திற்குள் குடியேற்றினர். கடை கிடைத்தது, மழையும் வெயிலும் இல்லை. ஆயினும் படியேறி வருவோர் குறைந்தனர் என்று அவ்வியாபாரிகள் முறையிட்டனர். வழியோடு போகிறவர் கண்ணிற் பட்டு நின்று வாங்குவதே அவர்கள் வியாபாரத்தின் உயிர். கண்ணுக்கு எட்டாத மாடியில் அது நில்லாது. 2019இல் அதே சாலையில் நடைபாதையை அகலமாக்கி வண்டிகளுக்குரிய இடத்தைச் சுருக்கியபோதோ, மாலை நேரத்தில் குடும்பத்தோடு உலாவ வருவோர் மிகுந்தனர். சந்தையைக் கட்டடமாக்கிவிட்டால் மாலோடு போட்டியிடலாம் என்று கருதும் ஊராட்சியார் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்குவோர் வேண்டுவது மாடியன்று; சேறில்லாத தரையும் நடக்க இடமுமே.

மற்றொன்று பெருந்தொற்றுக் காலத்தது. கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்கு மாறிய மொத்த வியாபாரச் சந்தை, நோய் பரவியமையால் 2020 மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் இறுதியிலேதான் கோயம்பேட்டுக்குத் திரும்பிற்று. மால்கள் யாவும் மார்ச்சு முதல் ஆகஸ்டு முடியச் சாத்திக் கிடந்தன. அம்மாதங்களில் நகரத்தார் சமைத்து உண்டது தெருவுக்கு வந்த தள்ளுவண்டியாலும், தோட்டக்கலைத் துறையார் அனுப்பிய வண்டிகளாலும், அருகிலுள்ள சிறுகடைகளாலுமே என்றால் மிகையாகாது. ஒரே பெரிய வாயிலை நம்பிய வழி அடைபட்டபோது, சிறு வாயில்கள் பல திறந்திருந்தமையாலன்றோ குடியானவரின் சரக்கும் ஒருவாறு விலைபோயிற்று!

இதுவரை கூறியது வாங்குவோர் நிலை. நிலமுடையவருக்கு இதனால் ஆவதென்ன என்பதே இனிக் கவனிக்க வேண்டியது.

பெருங்கடையின் கொள்முதல் நிலையம் எல்லாக் காயையும் ஏற்பதில்லை. ஒரே அளவு, ஒரே நிறம், தழும்பின்மை, பசுமையான காம்பு ஆகியன உள்ளதையே ஏற்கும். இது குற்றமன்று. அலமாரியில் அடுக்கி, தொடாமலே விற்க வேண்டிய கடைக்குக் கண்ணுக்கு ஒத்த சரக்கே வேண்டும். ஆனால் செடி அவ்வாறு காய்ப்பதில்லை. ஒரு குடியானவர் ஒரு நாள் 100 கிலோ கத்திரிக்காய் பறிப்பதாக வைத்துக்கொள்க. அதிற் கடை ஏற்பது 40 கிலோ எனவும், கிலோவுக்கு 30 ரூபாய் தருவதாகவும் கொண்டால், 1,200 ரூபாய் வரும். மிச்சமுள்ள 60 கிலோவில் பூச்சித் துளையுள்ள 10 கிலோவை மாட்டுக்கும் எருக்குழிக்கும் தள்ளிவிடலாம். ஏனைய 50 கிலோவும் உண்ணத் தக்கதே. சற்று வளைந்தது, சிறுத்தது, காற்றில் முள் கீறித் தழும்பானது, அவ்வளவுதான். பக்கத்தூரில் சந்தை நடந்தால் அது கிலோ 20 ரூபாய் வீதம் 1,000 ரூபாய்க்கு விற்கும். மொத்தம் 2,200 ரூபாய். சந்தை இல்லையாயின் அந்த 50 கிலோ தொலைவிலுள்ள கமிஷன் மண்டிக்குப் போக வேண்டும். வண்டிக் கூலி, இறக்கு கூலி, கமிஷன் எல்லாம் கழித்து 6 ரூபாய் நின்றால் 300. அப்பொழுது மொத்தம் 1,500 ரூபாயே. ஒரு பறிப்புக்கு 700 ரூபாய் குறைவு. இத்தொகைகள் உதாரணத்திற்காகவே கூறப்பட்டன. ஊருக்கு ஊர், பருவத்திற்குப் பருவம் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

கடை வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்குகிறவர் யாரென்றால், தெருச் சந்தையிற் குனிந்து பொறுக்கும் அந்த ஜனங்களே. கூறு வாங்கும் கூலிக்காரர், சாப்பாட்டுக் கடை நடத்துவோர், ஊறுகாய் போடுவோர் ஆகியோருக்கு வளைந்த காயும் நேரான காயும் ஒன்றே; எண்ணெயில் வதங்கிய பின் வித்தியாசம் யாருக்குத் தெரியும்? இவர்கள் சந்தைக்கு வருவது நின்றுவிட்டால், குடியானவருடைய விளைச்சலில் பாதிக்கு விலை கூறுவார் இல்லாமற் போவர்.

அம்மட்டோடும் நில்லாது. அருகே சந்தை உண்டு என்று தெரிந்தவரையில், கொள்முதல் நிலையத்தார் முதல் தரத்துக்கு நியாயமான விலை கொடுப்பர். கொடாவிடில் சரக்கு சந்தைக்குப் போய்விடும் என்பதை அவர்கள் அறிவர். சந்தை அழிந்தபின் அந்த 30 ரூபாய் 30 ஆகவே நிற்கும் என்பதற்கு உறுதி யாது? ஆகவே கடைக்கே விற்பவர்களுக்கும் சந்தை வேண்டும். சந்தைக்கு ஒருநாளும் போகாத பெரிய மிராசுதாரருக்கும் அதன் பயன் அவரறியாமலே கிடைத்து வருகின்றது.

விளைவித்தவருக்குச் சேரும் பங்கு எத்துணைக் குறைவு என்பதை ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத்தாள்கள் காட்டுகின்றன. வாங்குவோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் தக்காளி பயிரிட்டவருக்கு 33 காசும், வெங்காயத்துக்கு 36 காசும், உருளைக்கிழங்குக்கு 37 காசுமே சேர்வதாக அவற்றிற் கணக்கிடப்பட்டுள்ளது. மீதியெல்லாம் இடைவழியில் கழிகின்றது. அதிற் பெரும்பகுதி அநியாயம் என்று சொல்லுதற்கில்லை. ஏற்றுக் கூலி, வாடகை, அழுகல் எல்லாம் அதில் அடக்கம். லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப் பின்செய்முறை ஆராய்ச்சி நிலையத்தார் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பறித்தது முதல் விற்பது வரை தக்காளியில் நூற்றுக்கு 12க்கு மேலும், கொய்யாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 16உம் வீணாகின்றன. வழி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு அழுகலும் மிகும். பத்து மைலுக்குள் விளைந்து விற்கும் சந்தையின் சிறப்பு இதனால் விளங்கும்.

பெருங்கடைகளுக்கு விற்கவே கூடாது என்பது இதன் கருத்தன்று. அவற்றின் கொள்முதல் நிலையங்களில் எடை சரியாக இருக்கும். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும். எத்தரம் என்ன விலை என்று முன்பே தெரியும். தரம் அறிந்து பயிர் செய்யக்கூடியவர் தாராளமாக விற்கலாம். ஆனால் ஒரே கடையை நம்பிச் சந்தைப் பழக்கத்தை அடியோடு கைவிடுதல் விவேகமன்று. சென்னையில் 1997இல் தொடங்கி நாடெங்கும் ஏறக்குறைய 1,600 கடைகளாகப் பெருகிய சுபிக்ஷா நிறுவனம் 2009இல் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடை மூடுவதற்கும் செடி காய்ப்பதற்கும் சம்பந்தமில்லை. அது தன் பருவத்தில் காய்த்துக்கொண்டேயிருக்கும்.

சந்தையைச் செம்மையாக நடத்தினால் நகரத்தார் வருவர் என்பதற்கு உழவர் சந்தைகளே சாட்சி. 1987இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' என்றும், 1999 ஜனவரியில் ஆந்திராவில் 'ரைது பஜார்' என்றும் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதன் ஏற்பாடு எளியது. விளைவிப்பவருக்கு அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையாரே தருவது. அன்றன்றைய விலை பலகையில் எழுதுவது. மொத்த விலைக்குமேல் நூற்றுக்கு 20 அளவும், வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே நூற்றுக்கு 15 அளவுமாக விலை அமைப்பது கொள்கை. இருவருக்கும் இலாபம். விடியற்காலையில் உத்தியோகஸ்தரும் வியாபாரிகளும் பையோடு வரிசையாக வந்தது, சந்தைக்கு வர ஜனங்களுக்கு மனமில்லை என்பார் வாயை அடைக்கப் போதுமானது. 2001க்குப் பின் சில ஆண்டுகள் கவனிப்புக் குன்றி, 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்ற வரலாறும் அவற்றுக்குண்டு.

அவற்றிலும் குறைகள் இல்லாமலில்லை. குடியானவர் பெயரால் அட்டை வாங்கி இடைத்தரகர் உட்காருதல் ஒன்று. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், பேருந்து நில்லாத இடத்தில் அமைத்தவை ஈயாடிக் கிடத்தல் மற்றொன்று. பகல் வருமுன் வியாபாரம் ஓய்ந்துவிடுவதால், மாலையில் வேலை விட்டு வருவோரைக் குளிர்ந்த கடை எளிதிற் கவர்ந்துகொள்கின்றது. மாலையிலும் இரண்டு மணி நேரம் திறந்து விளக்கேற்றி வைப்பதற்கு ஆகும் செலவு பெரிதன்று.

உழவர் சந்தை பெரும்பாலும் நகரத்துக்கு உரியது. சிற்றூர்களுக்கும் பேரூர்களுக்கும் உரியது வாரச் சந்தை. வியாழன்தோறும் புஞ்சைப் புளியம்பட்டியிலும், சனிதோறும் எட்டயபுரத்திலும் கூடும் கூட்டத்தைக் கண்டவர் சந்தை செத்துவிட்டது என்று சொல்லத் துணியார். ஆனால் பல ஊர்களில் அதன் நிலை இரங்கத்தக்கது. காரணத்தை வெளியே தேட வேண்டுவதில்லை; ஏலத்திலேயே உள்ளது. சந்தையில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவது வழக்கம். அதிகம் கேட்டவர் எடுக்கிறார். எடுத்தவர் கொடுத்த பணத்தையும் அதற்குமேல் இலாபத்தையும் சேர்க்க முயல்வது இயல்பே. கூடைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்திருந்தாலும், அப்பட்டியல் எங்கும் ஒட்டப்படாமையால், கேட்பதே கட்டணமாகின்றது. இரண்டு கூடைக் காய் கொண்டுவந்த பெண் போணி ஆகுமுன்பே கட்டணம் செலுத்தி, இரசீதும் பெறாமல் உட்காருகிறாள். ஏலப் பணமோ ஊராட்சியின் பொதுச் செலவில் கரைந்துவிடும்; திடலில் ஒரு கூடை மண்ணும் கொட்டப்படுவதில்லை. பால் கறப்பவர் பசுவுக்குத் தீனி வையாமை போன்றது இது. பசு வற்றியபின், காலம் கெட்டுவிட்டது என்று மாலைப் பழிக்கின்றனர்!

சந்தைக்காகச் செலவிட்டால் ஊராட்சியின் வருமானம் குறையாதா என்று கேட்கலாம். முதலாண்டு குறையும். ஆயினும் கூட்டம் மிகுந்த சந்தையின் ஏலம் தானே உயரும் என்பது ஏலம் எடுப்போர் நன்கறிந்த கணக்கு. வருமானத்தில் கால்பங்கையேனும் அத்திடலுக்கே செலவிடுவதென்று தீர்மானித்துக்கொள்ளுதல் நலம். எதற்கு முதலிற் செலவிடுவது என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். மேடையும் கூரையும் வேண்டுமென்பர் பலர். உண்மையில் முதலில் வேண்டுவது வடிகால், அதன்பின் தண்ணீரோடு கூடிய பெண்கள் கழிப்பறை, பின்னர் விளக்கு. கூரை கடைசியில் வரலாம், வேப்பமரம் நட்டாலும் பத்தாண்டில் நிழல் தரும். கூரையை மட்டும் போட்டுவிட்டு வடிகால் வெட்டாமல் விட்ட திடல்களில் மழைநாளில் மேடைமேல் ஏறி நின்று விற்பதையும், வாங்குவோர் சேற்றில் நின்று கைநீட்டுவதையும் காணலாம்.

தராசு தனிச் செய்தி. வாங்குவோர் சந்தையை விட்டுக் கடைக்குப் போவதற்குச் சேற்றினும் பெரிய காரணம் எடைக் குறைவு என்றே கொள்ளலாம். முத்திரையிட்ட தராசு ஒன்றைச் சந்தை வாயிலில் பொதுவில் வைத்து, யார் வேண்டுமாயினும் தாம் வாங்கியதை மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம் என்று அறிவித்தால் போதும். ஒருவரையும் தண்டிக்க வேண்டியதில்லை. அத்தராசு அங்கிருப்பதே போதுமான தண்டனை.

நகர எல்லைக்குள் தெருவோரம் விற்போருக்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை அவர்களை அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேலாக இயல்பாக நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாகக் கருத வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் உள்ளன. கிராமத்திலிருந்து கூடையோடு நகரத் தெருவுக்குப் போகும் பெண்கள் இதனை அறிந்திருப்பதில்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்வது கிராம அதிகாரிகள் செய்யத்தக்க உபகாரம்.

பழியெல்லாம் ஊராட்சியார்மேலும் குத்தகைதாரர்மேலும் சுமத்திவிட்டுக் குடியானவர் ஒதுங்கிவிட முடியாது. பெட்டியின் மேலே சிவந்த தக்காளியும் அடியிலே நசுங்கியதும் வைக்கும் பழக்கம் யாருடையது? கீரைக்கட்டு பசுமையாகத் தோன்றச் சாக்கடை ஓரத்து நீரைத் தெளிப்பது யார்? சின்ன வெங்காயத்தை நிழலில் ஆற்றிக் கழுத்து உலருமுன் மூட்டை கட்டி, நாலாம் நாள் வாங்கியவர் வீட்டில் அழுகச் செய்வது எவர்? இவ்வாறு ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை விலைச்சீட்டு ஒட்டிய கடைக்குப் போவதில் வியப்பென்ன? செய்ய வேண்டியது அதிகமில்லை. வெயில் ஏறுமுன் பறித்து, கத்திரியைக் காம்போடு அறுத்து, நிழலில் வைத்து, பெரிது சிறிதாக இரண்டு கூடை பிரித்தால், பெரியதற்கு நல்ல விலையும் சிறியதற்குத் தக்க விலையும் கிடைக்கும். கலந்து கொட்டிய குவியலுக்கு வாங்குவோர் கொடுப்பது எப்போதும் சிறியதன் விலையே. வீட்டுப் பெண்கள் இதனை நன்கறிவர். ஆண்கள்தாம் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே சாக்கிற் கொட்டுகின்றனர்.

சந்தை ஏலங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் முடியவுள்ள ஆண்டைக் கொண்டு விடப்படுகின்றன. ஆகவே அதன் நிபந்தனைகளைப் பற்றிப் பேசத் தக்க சமயம் ஜனவரி 26ஆம் நாள் கூடும் கிராம சபைக் கூட்டம். கட்டணப் பட்டியலைச் சந்தை வாயிலில் பலகையில் எழுதி வைத்தல், இரசீது கொடுத்தல், இரண்டு கூடைக்குக் குறைவாகக் கொண்டுவருவோருக்குக் கட்டணம் விடுதல், பொதுத் தராசு வைத்தல், அன்றிரவே குப்பை அகற்றுதல் ஆகியவற்றை ஏல நிபந்தனையாக எழுதலாம். ஏலம் முடிந்து கையொப்பமான பின் எழும் முறையீட்டுக்கு அவ்வாண்டு முழுதும் பயனில்லை. சென்ற ஆண்டின் நிபந்தனைப் பத்திரத்தை அக்கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்பதற்குக் கிராமத்து வாக்காளர் எவருக்கும் உரிமையுண்டு. இரண்டு கூடை கொண்டுவரும் பெண்களையும் அன்று உடன் அழைத்துச் செல்வது நன்று.